க்யூடி, ஜிடிகே, மோட்டிஃப்... எல்லாத்துக்கும் ஒரே ஏபிஐ ஏன் வரல? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆபீஸ்ல புதுசா சேர்ற பசங்க, காலேஜ் ப்ராஜெக்ட் பண்றவங்க, விண்டோஸ்ல இருந்து லினக்ஸுக்கு மாறினவங்கன்னு யார் வந்தாலும் சுத்திச் சுத்தி இதே சந்தேகம்தான் கேக்குறாங்க, அதான் ஒரே இடத்துல எழுதி வச்சிட்டேன். கேள்வியெல்லாம் கேட்டவங்க கேட்ட மாதிரியே இருக்கு. மேல இருந்து வரிசையா படிங்க, கீழ வர்ற பதில்ல பாதி மேல சொன்னதை வச்சுத்தான் ஓடும். தலைப்புல இருக்கற க்யூடி, ஜிடிகே, மோட்டிஃப் மூணும் டூல்கிட், ஏபிஐன்னா ப்ரோக்ராம் எழுதறவங்க ஒரு லைப்ரரியை எந்தெந்த ஃபங்ஷன் வச்சுக் கூப்பிடலாம்ங்கிற பட்டியல்.

டூல்கிட்னா என்ன சார்? எக்ஸ் விண்டோ, வேலண்ட்லாம் இருக்கே, அதுவே பட்டன் வரையாதா?

வரையாது. அது ரெண்டும் லினக்ஸ்ல விண்டோவை ஸ்க்ரீன்ல காட்டற அடித்தளம் மட்டும்தான். எக்ஸ் விண்டோ 1984ல எம்ஐடில ஆரம்பிச்சது, இப்ப வரைக்கும் ஓடிட்டு இருக்கற எக்ஸ்11 வந்தது 1987 செப்டம்பர்ல. அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் செவ்வகம், கோடு, எழுத்து, மவுஸ் எங்க இருக்கு, எந்தக் கீயை அமுக்குனாங்க, அவ்ளோதான். பட்டன் எப்படி இருக்கணும், ஸ்க்ரோல்பார் எந்தப் பக்கம் வரணும், மெனு க்ளிக் பண்ணா திறக்கணுமா அமுக்கிப் பிடிச்சா திறக்கணுமா, இதுல எல்லாம் நாங்க தலையிட மாட்டோம்னு எழுதினவங்க வேணும்னேதான் விட்டாங்க. வேலண்ட் இன்னும் கம்மி, எழுத்துகூட வரையாது, ஆப் வரைஞ்சு குடுக்குற படத்தை வாங்கி ஸ்க்ரீன்ல காட்டும்.

அப்படி விட்ட இடத்தை நிரப்புற லைப்ரரிதான் டூல்கிட். பட்டன், மெனு, டெக்ஸ்ட் பாக்ஸ், ஃபைல் டயலாக் எல்லாம் அதுல இருந்துதான் வருது. யார் வேணா நிரப்பலாம்னு விட்டதால ஆளாளுக்கு ஒன்னு எழுதினாங்க, மொத்தப் பிரச்சினையும் அங்கதான் ஆரம்பிக்குது. விண்டோஸ்ல இந்தத் தொல்லையே இல்லன்னு நினைச்சுக்காதீங்க, வின்32, எம்எஃப்சி, விண்ஃபார்ம்ஸ், டபிள்யூபிஎஃப், வின்யூஐன்னு ஒரே கம்பெனியே தனக்குத்தானே போட்டியா எத்தனை போட்டிருக்கு பாருங்க.

மோட்டிஃப், ஓபன் லுக் சண்டைன்னு பழைய ஆளுங்க சொல்றாங்களே, அது என்ன கதை?

1987ல கம்ப்யூட்டர் கம்பெனி சன்னும் ஏடி அண்ட் டியும் சேர்ந்து, லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸை ஒன்னாக்கப் போறோம்னு கிளம்பினாங்க, 1988ல ஓபன் லுக்னு ஒரு திரை வடிவமைப்பையும் அறிவிச்சாங்க. இதைப் பாத்து பயந்துபோன ஐபிஎம், எச்பி, டெக் மாதிரி கம்பெனிங்க அதே வருஷம் ஓபன் சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன்னு ஒரு அமைப்பைத் தொடங்கி, டெக்கோட கோடையும் எச்பியோட தோற்றத்தையும் கலந்து 1989ல மோட்டிஃப் கொண்டு வந்தாங்க. ரெண்டு கோஷ்டியும் தங்களோடதுதான் ஸ்டாண்டர்ட்னு சொல்லிட்டு இருந்துச்சு. நடுவுல மாட்டினது ஆப் எழுதுறவங்க, ஒரே ப்ரோக்ராமை ரெண்டு தடவை எழுதணும்.

1993 மார்ச்ல ரெண்டு பக்கமும் கோஸ்ங்கிற பேர்ல கை குலுக்கிட்டாங்க. விண்டோஸ் என்டி வரப் போகுதுங்கிற பயம் ரெண்டு பேருக்கும் இருந்துச்சு, அதான் காரணம். சன் ஓபன் லுக்கைக் கைவிட்டு மோட்டிஃப் பக்கம் வந்துச்சு, சிடிஈன்னு பொது டெஸ்க்டாப் ஒன்னு பிறந்துச்சு. ஆக மோட்டிஃப் ஜெயிச்சுச்சுன்னு புத்தகத்துல போட்டிருப்பாங்க. ஜெயிச்சதோட லட்சணம் என்னன்னு லினக்ஸோட ரெண்டு பெரிய டெஸ்க்டாப்பான கேடிஈ, க்னோம் பத்தின கேள்விக்கு வரும்போது சொல்றேன்.

ஏபிஐ ஒன்னா இருக்கறதும் பாக்க ஒன்னா இருக்கறதும் ஒன்னுதானே?

இல்லவே இல்ல, இதைக் குழப்பிக்கிட்டா மிச்சம் எதுவும் புரியாது. ஓபன் லுக்கையே எடுத்துக்குங்க. அது அடிப்படையில ஒரு விதிப் புத்தகம், பட்டன் இப்படி இருக்கணும், மெனு இப்படித் திறக்கணும்னு. அதை வச்சு மூணு டூல்கிட் வந்துச்சு: ஏடி அண்ட் டி பக்கத்துல இருந்து ஓலிட், சன்னோட பழைய சன்வியூ ஏபிஐயை ஒட்டி எக்ஸ்வியூ, நியூஸ்ங்கிற விண்டோ சிஸ்டத்துக்கு டிஎன்டி. மூணுலயும் எழுதின ஆப்பைப் பக்கத்துல பக்கத்துல வச்சா வித்தியாசம் கண்டுபிடிக்கறது கஷ்டம், கோடைத் திறந்தா ஒன்னுக்கொன்னு சம்பந்தமே இருக்காது. தோற்றம் ஒன்னு, ஏபிஐ மூணு.

இதுக்கு நேர் எதிரும் உண்டு. ஏபிஐ ஒன்னு, ஓடுற இடத்துக்கு ஏத்த மாதிரி தோற்றம் மாறும். அது ஆறாவது கேள்வில வருது.

ஐஇஇஇ மாதிரி பெரிய அமைப்பு உக்காந்து பேசியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்குமே?

உக்காந்தாங்க ப்ரோ, உக்காரலன்னு யார் சொன்னா. ஐஇஇஇல பி1201.1னு ஒரு குழு இருந்துச்சு, அவங்க நோக்கமே எந்த டூல்கிட் கீழ இருந்தாலும் வேலை செய்யற ஒரே ஏபிஐ. எக்ஸ்விடின்னு அப்ப விலைக்கு வித்துட்டு இருந்த ஒரு லைப்ரரியோட ஏபிஐயை அடிப்படையா எடுத்துக்கிட்டுப் பேச ஆரம்பிச்சாங்க. அது கடைசி வரைக்கும் தரமா வெளிவரல.

வெளிவந்தது வேற ஒன்னு. ஐஇஇஇ 1295, 1993ல, ரத்தினச் சுருக்கமா சொன்னா மோட்டிஃப் ஏபிஐயையே தரம்னு முத்திரை குத்தின ஆவணம். அதாவது எல்லாருக்கும் பொதுவா புதுசா ஒன்னு யோசிச்ச குழு நின்னுபோச்சு, ஏற்கனவே சந்தைல இருந்ததை எடுத்து நம்பர் குடுத்த குழு வேலையை முடிச்சுச்சு. கமிட்டிங்களைக் கவனிச்சவங்களுக்கு இது ஆச்சரியமாவே இருக்காது. இருக்கறதை எழுதி வைக்கறது ஒரு வேலை, இல்லாததை பத்து கம்பெனி ஆளுங்க சேர்ந்து கண்டுபிடிக்கறது வேற வேலை, அதுவும் அந்தப் பத்துல பாதிப்பேர் தங்களோட சரக்கை வித்துட்டே கூட்டத்துக்கு வர்றவங்க.

விண்டோஸ் ஏபிஐதான் எல்லார்கிட்டயும் இருந்துச்சே, அதையே ஸ்டாண்டர்டா வச்சிருக்கலாமே?

அதுவும் நடந்துச்சு, நிறைய பேருக்குத் தெரியாது. 1993ல சன், பப்ளிக் விண்டோஸ் இன்டர்ஃபேஸ்னு ஒரு முயற்சியைத் தொடங்குச்சு, விண்டோஸ் ஏபிஐயைப் பொதுச் சொத்தா ஆக்கணும்னு. அவங்களுக்கு வாபின்னு ஒரு ப்ராடக்ட் இருந்துச்சு, சோலாரிஸ் மேல விண்டோஸ் 3.1 ஆப்பை ஓட வைக்கறது. அந்த முயற்சி ஐரோப்பிய தர அமைப்பான எக்மாக்குப் போய் 1995 டிசம்பர்ல எக்மா-234ங்கிற தரமாவே வெளிவந்துச்சு. ஜாவாஸ்க்ரிப்டுக்கு எக்மா-262ன்னு கேள்விப்பட்டிருப்பீங்க, அதே அமைப்புதான்.

ஆனா தேதியைப் பாருங்க. அதுல இருந்தது விண்டோஸ் 3.1 காலத்து ஏபிஐ, அது வெளிவர்றதுக்கு நாலு மாசம் முன்னாடியே விண்டோஸ் 95 கடைக்கு வந்தாச்சு. தரம் எழுதி முடிக்கறதுக்குள்ள வண்டி அடுத்த ஊருக்குப் போயிடுச்சு. சொந்தக்காரன் நினைச்சா மாத்திக்கலாம்ங்கிற ஏபிஐயை வேற ஒருத்தர் தரமாக்குறதுல உள்ள சிக்கல் இதுதான். அதே 1993ல ஆரம்பிச்ச வைன் ப்ராஜெக்ட் எந்தக் கமிட்டியையும் எதிர்பாக்காம, விண்டோஸ் என்ன பண்ணுதோ அதை அப்படியே திருப்பிச் செய்யறதுன்னு இறங்குச்சு, இன்னைக்கும் உயிரோட இருக்கு.

இதோட இன்னொன்னையும் சொல்லிடறேன். ஸ்டீவ் ஜாப்ஸோட நெக்ஸ்ட் கம்பெனியும் சன்னும் சேர்ந்து 1994ல ஓபன்ஸ்டெப்னு ஒரு ஏபிஐ விவரணையை வெளியிட்டாங்க, எனக்குத் தெரிஞ்சு அந்தக் காலத்துல வந்ததுலயே அழகானது அதுதான். சன் அப்புறம் ஜாவா பக்கம் போயிடுச்சு, நெக்ஸ்டை ஆப்பிள் வாங்கிடுச்சு. இன்னைக்கு மேக்ல ப்ரோக்ராம் எழுதினா க்ளாஸ் பேரெல்லாம் என்எஸ்னு ஆரம்பிக்குதே, அது அந்த வம்சம். பொதுத் தரமா பொறந்தது கடைசில ஒரே கம்பெனி வீட்டுல செட்டில் ஆச்சு.

சரி, எல்லா டூல்கிட்டுக்கும் மேல ஒரு லேயர் போட்டு மூடிட்டா? நான் எழுதுறது ஒன்னு, கீழ எது வேணா இருக்கட்டும்?

இதுதான் எல்லாருக்கும் முதல்ல தோணுற ஐடியா, நல்ல ஐடியாதான். 1992ல எடின்பரோ யுனிவர்சிட்டில ஜூலியன் ஸ்மார்ட்ங்கிறவர் ஒரு டயக்ராம் வரையற டூலை சன் மெஷின்லயும் விண்டோஸ்லயும் ஓட வைக்கணும், அதுக்காக எக்ஸ்வியூ மேலயும் எம்எஃப்சி மேலயும் ஒரு மெல்லிசான உறை எழுதினார். அதுதான் டபிள்யூஎக்ஸ் விண்டோஸ், விண்டோஸ்ங்கிற பேரால மைக்ரோசாஃப்ட் ஆட்சேபிச்சு 2004ல டபிள்யூஎக்ஸ் விட்ஜெட்ஸ் ஆச்சு. லினக்ஸ்ல ஜிடிகே, மேக்ல கோகோ, விண்டோஸ்ல வின்32னு கீழ எது இருக்கோ அதோட உண்மையான பட்டனையே பயன்படுத்தும்.

சிக்கல் எங்கன்னா, எல்லா டூல்கிட்லயும் எது இருக்கோ அதை மட்டும்தான் நீங்க தைரியமா வெளில காட்ட முடியும். ஒன்னுல மட்டும் ஒரு நல்ல வசதி இருந்தா, அதை விட்டுடணும், இல்ல மத்த இடத்துல நீங்களே வரைஞ்சு சரிக்கட்டணும், இல்ல இந்த ஃபங்ஷன் அந்த ஓஎஸ்ல வேலை செய்யாதுன்னு டாக்குமெண்ட்ல எழுதணும். டபிள்யூஎக்ஸ் மூணையும் பண்ணுது, அதோட டாக்குமெண்டைப் படிச்சவங்களுக்குத் தெரியும். லிப்ரே ஆபீஸ் உள்ள இருக்கற விசிஎல் லேயரும் இதே ஜாதிதான், ஒரே கோடு ஜிடிகே ப்ளகின்லயும் ஓடும் க்யூடி ப்ளகின்லயும் ஓடும், ஓப்பன் சூசே லினக்ஸோட செட்டிங்ஸ் டூலான யாஸ்ட் ஒரு படி மேல போய் ஒரே கோடை க்யூடி விண்டோவாவும் காட்டும் வெறும் டெர்மினல்லயும் காட்டும். கவனிச்சீங்கன்னா இந்த ரெண்டும் அவங்கவங்க சொந்தத் தேவைக்கு எழுதினது, அதனால என்ன வேணும்னு அவங்களுக்குத் தெளிவா தெரியும். உலகத்துக்கே பொதுவா எழுதறேன்னு கிளம்பினாத்தான் கழுத்து இறுகுது.

ஜாவாவும் அதையேதானே பண்ணுச்சு? ஏடபிள்யூடியை ஏன் தூக்கிப் போட்டாங்க?

அதையேதான், அதான் மேல சொன்ன நோய் அப்படியே வந்துச்சு. 1996 ஜனவரில வந்த முதல் ஜாவால ஏடபிள்யூடி ஒவ்வொரு பட்டனுக்கும் கீழ ஓஎஸ்ஸோட நிஜ பட்டன் ஒன்னை ஜோடியா வச்சிருந்துச்சு, பியர்னு சொல்லுவாங்க. மோட்டிஃப், விண்டோஸ், மேக் மூணுக்கும் பொதுவா இருக்கணும்ங்கிறதால டேபிள் கிடையாது, ட்ரீ கிடையாது. டேபிள் இல்லாம ஒரு பில்லிங் ஸ்க்ரீன் எழுதிப் பாருங்க. அது போக ஒவ்வொரு ஓஎஸ்லயும் ஃபோகஸ் போற வரிசை, ஃபாண்ட் அளவு எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் மாறும், ஒரு தடவை எழுதி எல்லா இடத்துலயும் டெஸ்ட் பண்ணணும்னு கிண்டலே பண்ணாங்க.

அடுத்து ஸ்விங்ல அப்படியே தலைகீழா போனாங்க, ஓஎஸ் பட்டனே வேணாம், எல்லாத்தையும் நாங்களே வரையறோம்னு. எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி நடந்துச்சு, எல்லா இடத்துலயும் அந்நியமாவும் தெரிஞ்சுச்சு. எக்ளிப்ஸ்ங்கிற கோடு எழுதற டூலுக்காக ஐபிஎம் ஆளுங்க திரும்ப நிஜ பட்டனுக்கே போய் எஸ்டபிள்யூடி எழுதினாங்க. இந்த ரெண்டு முனைக்கும் நடுவுல ஊசலாடறது இன்னும் நிக்கல, ரியாக்ட் நேட்டிவ் முதல் வழி, ஃப்ளட்டர் ரெண்டாவது வழி.

ஒரு பட்டன், அதை அமுக்குனா ஒரு ஃபங்ஷன். இதை ஒன்னாக்கறதுல அப்படி என்ன கஷ்டம்?

பட்டனை மட்டும் எடுத்துக்கிட்டா கஷ்டமே இல்ல. மோட்டிஃப்ல கால்பேக்னு சேர்ப்பாங்க, ஜிடிகேல க்ளிக்ட்னு ஒரு சிக்னல், க்யூடில சிக்னலையும் ஸ்லாட்டையும் கனெக்ட் பண்ணுவாங்க. பேர்தான் வேற, நடுவுல ஒரு மொழிபெயர்ப்பு லேயர் ஒரு மத்தியானத்துல எழுதிடலாம்.

அந்த பட்டனை யார் அழிக்கறதுன்னு கேளுங்க, அங்க இடிக்கும். பட்டன், மெனு மாதிரி ஒவ்வொரு துண்டையும் விட்ஜெட்னு சொல்லுவாங்க. க்யூடில அப்பா விட்ஜெட் போனா பிள்ளைங்களும் கூடவே போகும். ஜிடிகேல ரெஃபரன்ஸ் கவுண்ட், அதாவது எத்தனை பேர் அதைப் பிடிச்சு வச்சிருக்காங்கன்னு ஒரு கணக்கு, அதுலயும் புதுசா உருவாக்கின விட்ஜெட்டோட முதல் ரெஃபரன்ஸ் மிதந்துட்டு இருக்கும், ஏதாவது பெட்டிக்குள்ள போட்டதும் அந்தப் பெட்டி அதை எடுத்துக்கும். ஜாவால குப்பை அள்றவன் (கார்பேஜ் கலெக்டர்) வர்றப்ப போகும். மூணுக்கும் பொதுவா ஒரே ஏபிஐல இனிமே இந்த பட்டன் எனக்கு வேணாம்ங்கிறதை எப்படிச் சொல்லுவீங்க? அடுத்தது அளவு. நீளமான லேபிளை மடிச்சுப் போட்டா, அகலம் குறையக் குறைய உயரம் கூடணும், அதை ஜிடிகே ஒரு விதமா பேரம் பேசும், க்யூடி சைஸ் ஹின்ட்னு வேற விதமா பேசும். ஒன்னுல பக்காவா இருக்கற ஃபார்ம் இன்னொன்னுல பிதுங்கும்.

கடைசியா ஈவென்ட் லூப், மவுஸ் க்ளிக், கீ எல்லாம் வர்றதுக்குக் காத்திருந்து வாங்கற சுழற்சி. ஒவ்வொரு டூல்கிட்டும் மெயின் லூப் என்கிட்டதான் இருக்கணும்னு நினைக்கும், ஒரு ப்ரோக்ராமுக்குள்ள ரெண்டு ராஜா இருக்க முடியாதுல்ல. இது ஒன்னை மட்டும் நல்லா தீர்த்திருக்காங்க. க்யூடி 4.2ல இருந்து லினக்ஸ்ல க்யூடி ஆப்பும் ஜிடிகேக்கு அடித்தளமான ஜிலிப் லைப்ரரியோட லூப்லயே ஓடும், அதனாலதான் க்யூடி ஆப்புக்குள்ள இருந்து ஜிடிகே ஃபைல் டயலாக்கைத் திறந்தாகூட உறைஞ்சு நிக்காம ஓடுது.

அப்ப ஓபன்ஜிஎல், போசிக்ஸ்லாம் மட்டும் எப்படி ஸ்டாண்டர்ட் ஆச்சு?

போசிக்ஸ்ல ஃபைலைத் திற, படி, மூடு. ஓபன்ஜிஎல்ல முக்கோணத்தை வரை. இதுக்கெல்லாம் எங்க போனாலும் ஒரே அர்த்தம், கேக்குறது உங்க ப்ரோக்ராம், செய்யறது அந்தப் பக்கம், முடிஞ்சுது. டூல்கிட்ல பேச்சு ரெண்டு பக்கமும் ஓடும். நீங்க அதைக் கூப்பிடுவீங்க, அது உங்களைத் திருப்பிக் கூப்பிடும், நீங்க அதோட க்ளாஸை நீட்டி உங்க க்ளாஸ் எழுதுவீங்க, அது எந்த நேரத்துல எந்த மெத்தடைக் கூப்பிடும்ங்கிறதை நம்பி உங்க கோடு நிக்கும். இதையெல்லாம் பேப்பர்ல தரமா எழுதினா கடைசில ஒரு டூல்கிட்டோட முழு சோர்ஸ் கோடு அளவுக்கு விவரணை வரும்.

கேடிஈ, க்னோம் ரெண்டுமே ஓப்பன் சோர்ஸ், காசுப் பிரச்சினையே இல்ல. பேசி ஒரே டூல்கிட்டுக்கு வந்திருக்கலாமேண்ணா?

காசுப் பிரச்சினைலதான் ஆரம்பமே. மோட்டிஃப் ஜெயிச்சுச்சுன்னு சொன்னேன்ல, அது இலவசம் இல்ல. பெர்க்லில கிம்ப்ங்கிற படம் எடிட் பண்ற ஆப்பை எழுதின ரெண்டு மாணவர்கள் முதல்ல மோட்டிஃப்லதான் எழுதினாங்க, அதை வாங்க முடியாதவன் கிம்ப்பை கம்பைல்கூட பண்ண முடியாதுங்கிற எரிச்சல்ல சொந்தமா ஒரு டூல்கிட் எழுதினாங்க, அது ஜிடிகே. 1996 அக்டோபர்ல மத்தியாஸ் எட்ரிச் கேடிஈயை அறிவிச்சப்போ நார்வேல ட்ரோல்டெக் எழுதின க்யூடியை எடுத்தார். அப்ப அதோட லைசன்ஸ் முழுசா சுதந்திர மென்பொருள் இல்ல. அதை எதிர்த்துத்தான் 1997 ஆகஸ்ட்ல க்னோம் ஜிடிகேயைக் கையில எடுத்துச்சு. க்யூடி ஜிபிஎல்ங்கிற சுதந்திர மென்பொருள் லைசன்ஸுக்கு வந்தது 2000 செப்டம்பர்ல, அதுக்குள்ள ரெண்டு பக்கமும் லட்சக்கணக்குல கோடு எழுதியாச்சு, ஒன்னு சி, இன்னொன்னு சி++. சண்டைக்கான காரணம் போயிடுச்சு, சண்டை போட்டப்ப கட்டின வீடு ரெண்டும் நிக்குது.

ஐஇஇஇ முத்திரை குத்தின மோட்டிஃப் என்ன ஆச்சுன்னா, 2012ல எல்ஜிபிஎல்ல விட்டாங்க. யாரும் திரும்பிப் பாக்கல. தொண்ணூறுகள்ல விட்டிருந்தா இந்தப் பக்கத்துக்கே வேலை இருந்திருக்காதுன்னு எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு.

ஃப்ரீடெஸ்க்டாப்னு ஒன்னு இருக்கே, அது என்னதான் பண்ணுது? அதுவும் ஒரு ஐஇஇஇ மாதிரியா?

2000ல ரெட் ஹேட்ல இருந்த ஹாவக் பென்னிங்டன் ஆரம்பிச்சது. அவங்க ஏபிஐயைத் தொடவே இல்ல, அதுதான் சூட்சுமம். வீட்டுக்குள்ள யார் எப்படிச் சமைச்சாலும் சரி, தெருக்குழாய் எந்த அளவுன்னு மட்டும் பேசி வச்சுக்குவோம்ங்கிற மாதிரி, ரெண்டு ப்ரோக்ராமுக்கு நடுவுல போற விஷயத்தை மட்டும் எழுதினாங்க. ஆப் மெனுல வரணும்னா டெஸ்க்டாப் ஃபைல்ல என்ன வரி இருக்கணும், ஐகான் எந்த ஃபோல்டர்ல, அழிச்ச ஃபைல் குப்பைத் தொட்டில எப்படி இருக்கணும், இப்படி. விண்டோ மேனேஜர் விஷயத்துல க்னோம் ஒரு குறிப்பு வச்சிருந்துச்சு, கேடிஈ வேற ஒன்னு வச்சிருந்துச்சு, ரெண்டையும் தூக்கிட்டு ஈடபிள்யூஎம்எச்னு பொதுவா ஒன்னு வந்துச்சு.

அந்தக் காலத்து காப்பி பேஸ்ட் ஒன்னு போதும் இதோட அருமை தெரிய. எக்ஸ்ல ரெண்டு பை உண்டு, செலக்ட் பண்ணாலே விழற ப்ரைமரி, கன்ட்ரோல் சி அமுக்கினா விழற க்ளிப்போர்ட். க்யூடி 2 ரெண்டையும் ஒரே பையா நினைச்சு கன்ட்ரோல் சி பண்ணதையும் ப்ரைமரில போட்டுச்சு, அதனால கேடிஈ ஆப்ல காப்பி பண்ணி ஜிடிகே ஆப்ல ஒட்டினா வேற என்னவோ வரும். எந்தப் பை எதுக்குன்னு ஒரு பக்கத்துக்கு எழுதி வச்சாங்க, 2001ல வந்த க்யூடி 3 அதைக் கேட்டுச்சு, தீர்ந்துச்சு. ஆப்புங்க ஒன்னோட ஒன்னு பேசிக்கற டி-பஸ்ஸும் இப்படித்தான், க்னோம் கோர்பா பக்கமும் கேடிஈ டிகாப் பக்கமும் இழுத்துட்டு இருந்தப்போ நடுவுல வந்துச்சு, 2008 ஜனவரில வந்த கேடிஈ 4 டிகாப்பைக் கைவிட்டு அதுக்கு மாறுச்சு. மோட்டிஃப், ஓபன் லுக் அடிச்சுக்கிட்ட காலத்துலயே ரெண்டுக்கும் நடுவுல காப்பி பேஸ்ட் ஓடினதுக்குக் காரணம் ஐசிசிசிஎம்ங்கிற ஆவணம், அதுவும் இதே வகைதான்.

முத்திரை குத்துற அதிகாரம் எல்லாம் அவங்களுக்குக் கிடையாது. ரெண்டு பெரிய டெஸ்க்டாப்பும் கோடு எழுதிட்டா தரம், இல்லன்னா அது சும்மா ஒரு பக்கம்.

எல்எஸ்பின்னு ஒன்னுல க்யூடி, ஜிடிகே ரெண்டும் ஸ்டாண்டர்ட்னு போட்டிருந்துச்சே?

ஆமா, லினக்ஸ் ஸ்டாண்டர்ட் பேஸ், எல்லா லினக்ஸுக்கும் பொதுவா எழுதின ஒரு தரம். 2006ல வந்த 3.1ல டெஸ்க்டாப் பகுதி சேர்த்தாங்க, எதைத் தேர்ந்தெடுக்கறதுன்னு சண்டை வேணாம்னு ரெண்டையும் உள்ள போட்டுட்டாங்க. புத்திசாலித்தனம்னு சொல்லலாம், கை கழுவினாங்கன்னும் சொல்லலாம். 2015ல டெபியன் லினக்ஸ் எல்எஸ்பி ஆதரவையே பெரும்பாலும் எடுத்துடுச்சு.

அதே 2006ல போர்ட்லேண்ட்னு இன்னொரு ப்ராஜெக்ட் முதல் பதிப்பு விட்டுச்சு, அதுல இருந்து வந்ததுதான் எக்ஸ்டிஜி-ஓபன். டெர்மினல்ல ஒரு பிடிஎஃப் பேரைக் குடுத்து அதைத் திறக்கறோமே, அதுதான். உள்ள போய்ப் பாத்தா வெறும் ஷெல் ஸ்க்ரிப்ட். எந்த டெஸ்க்டாப் ஓடுதுன்னு கண்டுபிடிச்சு, கேடிஈன்னா அதோட கமாண்டைக் கூப்பிடும், க்னோம்னா ஜிஐஓவைக் கூப்பிடும், எக்ஸ்எஃப்சிஈன்னா எக்ஸோவைக் கூப்பிடும். பாக்க அசிங்கமாத்தான் இருக்கும், ஆனா அத்தனை வருஷக் கமிட்டி வேலையை விட அதிகப் பேர் தினமும் இதைப் பயன்படுத்தறாங்க.

ஒரு ஆப்ல ஓகே இடது பக்கம், இன்னொன்னுல வலது பக்கம். இதைக்கூடவா ஒத்துக்க முடியல?

ஒத்துக்கல. விண்டோஸ், கேடிஈல ஓகே முன்னாடி கேன்சல் பின்னாடி, மேக், க்னோம்ல ஓகே கடைசில வலது ஓரத்துல. இதுக்கு க்யூடி கண்டுபிடிச்ச வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். 4.2ல டயலாக் பட்டன் பாக்ஸ்னு ஒன்னு கொண்டு வந்தாங்க. பட்டனை இந்த இடத்துல வைன்னு நீங்க சொல்ல மாட்டீங்க, இது சம்மதிக்கற பட்டன், இது மறுக்கற பட்டன், இது அழிக்கற பட்டன்னு அதோட பங்கை மட்டும் சொல்லுவீங்க. விண்டோஸ், மேக், கேடிஈ, க்னோம்னு நாலு வரிசையும் உள்ள இருக்கு, எங்க ஓடுதோ அதுக்கேத்த மாதிரி அதுவே அடுக்கிக்கும். டபிள்யூஎக்ஸ்லயும் இதே மாதிரி ஒன்னு உண்டு.

மேல லேயர் போட்டு மூடற கேள்வில கழுத்து இறுகுதுன்னு சொன்னேன்ல, அதுல இருந்து தப்பிக்கற வழி இதுதான்னு நினைக்கறேன். எப்படி வரையணும்னு சொல்லாம என்ன வேணும்னு சொன்னா கீழ இருக்கறவனுக்குக் கொஞ்சம் சுதந்திரம் கிடைக்குது. எல்லா விட்ஜெட்டுக்கும் இப்படிச் சொல்ல முடியாது, அது வேற விஷயம்.

தமிழ் ஒரு ஆப்ல நல்லா வருது, இன்னொன்னுல கொம்பு தனியா நிக்குதே, டைப் பண்ணவும் வர மாட்டேங்குது. இதுவும் டூல்கிட் பிரச்சினையா?

பழைய சிஸ்டம்னா கண்டிப்பா ஆமா. கொ-ன்னு எழுதணும்னா ஒத்தைக் கொம்பு முன்னாடியும் கால் பின்னாடியும் போகணும், அந்த விதி முன்னாடி ஜிடிகேக்கு எழுத்து அடுக்கிக் குடுக்கற பாங்கோல தனியா, க்யூடில தனியா, லிப்ரே ஆபீஸ் பயன்படுத்தின ஐசியூல தனியா இருந்துச்சு. ஒன்னுல பக் சரி பண்ணா மத்ததுல அப்படியே இருக்கும். பாங்கோல இருந்ததும் க்யூடில இருந்ததும் ஒரே பழைய ஃப்ரீடைப் கோடுல இருந்து பிரிஞ்சதுதான், அதை ஒன்னாக்கறப்போ வந்ததுதான் ஹார்ஃப்பஸ்ங்கிற லைப்ரரி, அதை அப்புறம் பெஹ்தாத் எஸ்ஃபாபாட் முதல்ல இருந்து திரும்ப எழுதினார். இன்னைக்கு ஜிடிகே, க்யூடி, ஃபயர்ஃபாக்ஸ், க்ரோம், லிப்ரே ஆபீஸ், ஆண்ட்ராய்டு எல்லாத்துக்கும் கீழ அதுதான். இங்க பேப்பர்ல தரம் எழுதி யாரும் ஒத்துப்போகல, கோடே ஒன்னாயிடுச்சு.

டைப்பிங் அவ்ளோ சுகமா இல்ல. டைப்பிங்குக்கான ஐபஸ்ல எம்17என் கீபோர்ட் தொகுப்பைப் போட்டு தமிழ்99 வச்சிருப்பீங்க, ஜிடிகே ஆப்ல வரும் க்யூடி ஆப்ல வராது. ஜிடிகே ஐஎம் மாட்யூல், க்யூடி ஐஎம் மாட்யூல், எக்ஸ்மாடிஃபையர்ஸ்னு மூணு என்விரான்மென்ட் வேரியபிள் உண்டு, மூணுக்கும் ஐபஸ்னு இருக்கான்னு பாருங்க, க்யூடிக்கு உண்டான ப்ளகினும் இன்ஸ்டால் ஆகியிருக்கணும். ஒரே வேலைக்கு மூணு வேரியபிள்ங்கிறதே இந்தப் பக்கம் முழுக்கச் சொல்ற கதைக்குச் சாட்சி. வேலண்ட்ல டெக்ஸ்ட் இன்புட் ப்ரோட்டோகால் வந்ததுல இருந்து இந்தத் தொல்லை குறைஞ்சுட்டு வருது.

கேடிஈல ஃபயர்ஃபாக்ஸ் திறந்தா க்னோம் ஃபைல் டயலாக் வருது, இதுக்கு ஒரு முடிவே இல்லையா?

இருக்கு, போர்ட்டல். ஃப்ளாட்பேக் மாதிரி அடைச்சு வச்ச ஆப்புங்க உங்க ஹோம் ஃபோல்டரைப் பாக்கக் கூடாதுல்ல, அதுக்காக வந்தது. ஆப் டயலாக்கை வரையாது, எனக்கு ஒரு ஃபைல் வேணும்னு டி-பஸ்ல கேக்கும். டெஸ்க்டாப் தன்னோட டயலாக்கைத் திறந்து நீங்க தேர்ந்தெடுத்த ஃபைலை மட்டும் குடுக்கும். ஃபயர்ஃபாக்ஸ்ல கன்ஃபிக் பக்கத்துக்குப் போய் ஃபைல் பிக்கர்னு தேடுங்க, பேருக்கு நடுவுல போர்ட்டல்னு வர்ற ஒரு செட்டிங் இருக்கும், அதை 1 ஆக்கினா கேடிஈ டயலாக் வரும்.

டூல்கிட்டுக்குள்ள இருந்த ஒரு விட்ஜெட்டையே வெளில எடுத்து ப்ரோட்டோகால் ஆக்கிட்டாங்க பாருங்க, இருபது முப்பது வருஷமா ஏபிஐயா முடியாதது பாதுகாப்புங்கிற சாக்குல முடிஞ்சுது.

அப்ப ப்ரோட்டோகால்னா எல்லாரும் ஒத்துக்குவாங்களா? வேலண்ட்ல டைட்டில் பார் சண்டை இன்னும் ஓடுதே?

ஒத்துக்க மாட்டாங்க, நல்லா பிடிச்சீங்க. டைட்டில் பாரை விண்டோ மேனேஜர் வரையறதா ஆப் வரையறதான்னு பேசிக்கறதுக்கு எக்ஸ்டிஜி டெகரேஷன்னு ஒரு ப்ரோட்டோகால் இருக்கு, கேடிஈ பேசும், க்னோம் பேசவே பேசாது, ஆப்தான் வரையணும்ங்கிறது அவங்க முடிவு. டூல்கிட்டே இல்லாத கேமுக்கெல்லாம் டைட்டில் பார் இல்லாம போச்சு, அதுக்காக லிப்டெகார்னு தனியா ஒரு லைப்ரரி எழுத வேண்டியதாச்சு. ட்ரே ஐகானும் இப்படித்தான், 2017ல க்னோம் 3.26 பழைய ட்ரேயைத் தூக்கிடுச்சு, உபுண்டு ஒரு எக்ஸ்டென்ஷன் வச்சு சமாளிக்குது. ரெண்டுமே டெக்னிக்கலா கஷ்டமான விஷயம் இல்ல, ஸ்க்ரீன்ல யாருக்கு எவ்வளவு இடம்ங்கிற தகராறு, அதுக்கு எந்த ஆவணமும் தீர்ப்பு சொல்லாது.

கடைசில எச்டிஎம்எல்தானே அந்த ஒரே ஏபிஐ? எலக்ட்ரான் போட்டா முடிஞ்சுதே?

ஒரு விதத்துல ஆமான்னுதான் சொல்லணும், மனசு வராட்டியும். எலக்ட்ரான்னா எச்டிஎம்எல்ல எழுதினதை ஒரு ப்ரௌசரோட சேத்துக் கட்டி டெஸ்க்டாப் ஆப்பா ஓட வைக்கறது. போட்டி ப்ரௌசருங்க ஒரே மேசைல உக்காந்து ஒத்துக்கிட்ட ஒரே திரை ஏபிஐ அதுதான், அதுவும் எல்லாரும் இலவசமா எழுதலாம், மோட்டிஃப் மாதிரி காசு கேக்கல. ஆனா ஒரு ட்ராப்டவுனை எடுத்துக்குங்க. ப்ரௌசர் குடுக்கற செலக்டை இஷ்டப்படி அழகுபடுத்த முடியலன்னு எல்லா டீமும் சொந்தமா ஒன்னு எழுதுது, அதுக்கு மேல ரியாக்ட், வ்யூ, ஆங்குலர்னு தனித்தனி காம்பொனென்ட் லைப்ரரி, ஒன்னுல எழுதினது இன்னொன்னுல போகாது. கேள்விப்பட்ட மாதிரி இல்ல? எக்ஸ் விண்டோ விட்ட காலி இடம் மாதிரியே இங்கயும் ஒன்னு விட்டிருக்காங்க. ஓபன் யூஐன்னு ஒரு குழு அந்த இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமா நிரப்பிட்டு இருக்கு, பாப்ஓவர் அங்க இருந்துதான் வந்துச்சு.

இதெல்லாம் இருக்கட்டும், நான் இப்ப ஒரு டெஸ்க்டாப் ஆப் எழுதப் போறேன். எதை எடுக்கறது?

எல்லா ஓஎஸ்லயும் ஓடணும்னா க்யூடி, க்னோம்ல மட்டும் அழகா இருந்தா போதும்னா ஜிடிகே, பைத்தான்ல சின்னதா ஒரு டூல்னா டபிள்யூஎக்ஸ்கூட போதும். நாளைக்கு மாத்திக்கலாம்னு நீங்களா சொந்தமா ஒரு லேயர் எழுதிடாதீங்க, நாளைக்கு மாத்த மாட்டீங்க, லேயர் மட்டும் இருக்கும்.

அதுக்குப் பதிலா கணக்குப் போடற கோடு, டேட்டாபேஸ் கோடு எதுலயும் டூல்கிட்டோட ஹெடர் வராம பாத்துக்குங்க. ஃபைல் திறக்க போர்ட்டல், லிங்க் திறக்க எக்ஸ்டிஜி-ஓபன், செட்டிங்ஸ் எக்ஸ்டிஜி (ஃப்ரீடெஸ்க்டாப்போட பழைய பேர்) சொன்ன கன்ஃபிக் ஃபோல்டர்ல, டெஸ்க்டாப் ஃபைல் ஒன்னு ஒழுங்கா எழுதுங்க, டயலாக்ல பட்டனோட பங்கைச் சொல்லுங்க இடத்தைச் சொல்லாதீங்க. ரிலீஸ் பண்றதுக்கு முன்னாடி கேடிஈல ஒரு தடவை, க்னோம்ல ஒரு தடவை திறந்து, காப்பி பேஸ்டும் தமிழ் டைப்பிங்கும் வேலை செய்யுதான்னு பாத்துடுங்க.